கொக்கியில் தொங்கிய ரிசீவர்

‘ஹேங்’ என்றால் தொங்கவிடுவது. ‘ஹேங் அப்’ என்றால் போனை வைப்பது. பேச்சை முடிக்க எதைத் தொங்கவிட வேண்டும்?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த சுவர்த் தொலைபேசிகளில் பேசும் குழாய் பெட்டியோடு சேர்ந்திருக்கும். காதில் வைக்கும் ரிசீவர் மட்டும் ஒயரோடு தனியே வரும். அதை மாட்டப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கிதான் சுவிட்ச். ரிசீவரின் கனத்தில் கீழே இறங்கியிருக்கும். எடுத்ததும் ஸ்பிரிங் அதை மேலே தள்ள, உள்ளே தகடுகள் ஒட்டிப் பேச்சுக்கான மின்சுற்று கூடும். அந்தக் காலத்தில் பேட்டரி பெட்டிக்குள்ளேயே இருந்தது. பேசி முடித்தபின் சுற்றைத் துண்டிக்காவிட்டால் அது தீர்ந்துபோகும். சுவிட்சை அணைக்க எவரும் மறந்துவிடலாம். ஆனால் ரிசீவரை எங்காவது மாட்டித்தானே ஆகவேண்டும்! எவ்வளவு அழகான யோசனை! இந்தத் தானியங்கிக் கொக்கியை உருவாக்கியவர் ஹில்போர்ன் ரூஸ்வெல்ட். தொழில், தேவாலயங்களுக்குக் குழல் ஆர்கன் செய்வது. பிற்பாடு அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குச் சித்தப்பா-பெரியப்பா மகன் முறை.

பிறகு பேட்டரி தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குப் போனது. பெரும்பாலும் 48 வோல்ட். ரிசீவரை எடுத்தால் லைனில் மின்சாரம் ஓடும், மாட்டினால் நிற்கும். எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவதெல்லாம் அவ்வளவுதான். பழைய ஹாலிவுட் படங்களில் பேச்சு துண்டிக்கப்பட்டதும் கதாநாயகன் கொக்கியைத் தட்டுவானே, அது வெறும் பதற்றமல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் மின்சாரம் விட்டுவிட்டு வந்து, ஆபரேட்டரின் பலகையில் விளக்கு கண்சிமிட்டும். சுழற்றும் டயலும் இதையேதான் செய்தது: 5 சுற்றினால் 5 முறை துண்டிப்பு. சரியான வேகத்தில் கொக்கியைத் தட்டியே எண்ணைப் போட்டுவிடலாம்.

1937இல் வந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 302 போன்ற மேசை மாடல்களில் ரிசீவர் கொக்கியில் தொங்கவில்லை, தொட்டிலில் கிடந்தது. அதன் கனம் அழுத்தும் சிறு பொத்தான்களே சுவிட்ச். சொல் மட்டும் மாறவில்லை.

இறந்தகாலத்தில் இது ‘ஹங் அப்’. ‘ஹேங்டு’ தூக்குத் தண்டனைக்கு உரியது. ‘ஷி ஹங் அப்’ என்றால் போனை வைத்துவிட்டாள், அவ்வளவே. ‘ஷி ஹங் அப் ஆன் மி’ என்றால், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று வைத்துவிட்டாள். கோபம் அந்த ‘ஆன்’ என்பதில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘ஹேங் ஆன்’ இதற்கு நேரெதிர்: லைனிலேயே இருங்கள். இவை பேச்சுவழக்கு. அலுவலகக் கடிதத்தில் ‘எண்டட் த கால்’ என்று எழுதுவதே பொருத்தம்.