ஏரிக்கரையிலே ஒரு வீடு!

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்திலே காட்டேஜ் வாங்குங்கள். சீசனுக்குச் சீசன் வாடகை கொட்டும். படுத்துக்கொண்டே பணம் பண்ணலாம்! இப்படிக் கூவித் திரிகிற தரகர் கூட்டம் மாளிகைவாசிகளின் கதவைத் தட்டுவதோடு நின்றிருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். பணக்காரர் பணத்தை மலையில் கொட்டினால் என்ன, மடுவில் கொட்டினால் என்ன! இன்று அவர்கள் தட்டுவது, முப்பது ஆண்டு ஆலையில் உழைத்து, பிராவிடண்டு பண்டும் கிராஜுவிடியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் தொழிலாளியின் கதவை. ஆகவே எழுதுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் போடுவது உதாரணக் கணக்குதான்; தரகர் சொல்லும் தொகையை வைத்துத் தோழர்கள் தாமே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

30 இலட்ச ரூபாய்க்குச் சிறியதொரு குடில். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் நூற்றுக்கு 9 வீதம் 2 இலட்சத்து 70 ஆயிரம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு நாள் விடாமல் ஆள் வந்தால் 61 இரவு. இரவுக்கு 2,500 வீதம் 1,52,500 ரூபாய். மற்றப் பத்து மாதத்தில் மழை, பனி, பள்ளித் தேர்வு எல்லாம் போக, சனி ஞாயிறென்று 80 இரவு. 1,500 வீதம் 1,20,000. ஆக வரவு 2,72,500.

செலவு? ஆள் பிடித்துத் தரும் முன்பதிவுக் கம்பெனிக்கு நூற்றுக்கு 15, அது 40,875. காவலுக்கும் கூட்டிப் பெருக்கவும் மாதம் 5,000 வீதம் 60,000. மின்சாரம், சலவை, வரி, ஈரம் ஊறிய சுவருக்கு ஆண்டுதோறும் பூச்சு, இவற்றுக்கு 50,000. மிச்சம் 1,21,625. போட்ட முதலுக்கு நூற்றுக்கு நாலு ரூபாய்கூட இல்லை! பாதிப் பணம் பையன் பேரில் பாங்கிக் கடன் என்றால், 15 இலட்சத்துக்கு நூற்றுக்கு 9 வீதம் வட்டியே ஆண்டுக்கு 1,35,000. வட்டிக்கே போதவில்லை, அசலை எதைக் கொண்டு அடைப்பது?

மாதம் 5,000 என்று எழுதும்போதே நமக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் காவலாளிக்கு நியாயமான கூலி கொடுத்தால் வாங்கியவருக்கு ஒன்றும் மிஞ்சாது. வாங்கியவருக்கு மிஞ்ச வேண்டுமானால் காவலாளியின் வயிறு காய வேண்டும். ஒரு தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே இன்னொரு தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிற ஏற்பாடு இது! தரகரோ பத்திரம் பதிவான அன்றே தம் பங்கை வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிடுவார்.

சீசன் என்பது யார் வீட்டுச் சொத்து? 2020இல் ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டுக் கோடை முழுவதும் மலைக்கு ஆளே வரவில்லை. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டிகள் ஏறக் கூடாதென்று ஆயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, சாதாரண நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் கட்டினார்கள். அந்தக் கட்டுப்பாட்டை நாம் குறை கூறவில்லை. 2011 கணக்கெடுப்பில் 36,501 பேர் வாழ்ந்த நகரம் அது. 6,000 வண்டிக்கு நாலு பேர் வீதம் பார்த்தாலும் ஒரே நாளில் 24,000 பேர்! மலை தாங்குமா? தண்ணீர் தாங்குமா? கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் எந்தத் தரகர் இதைச் சொல்லி விற்கிறார்?

சட்டமும் ஒன்று உண்டு. மலையில் நினைத்த இடத்தில் நினைத்த உயரத்துக்குக் கட்டிவிட முடியாது. பிளசண்ட் ஸ்டே விடுதியில் விதிக்கு மேல் எழுந்த மாடிகளைப் பற்றிய வழக்கு 1995இல் உச்ச நீதிமன்றம் வரை போனது நாடறிந்த செய்தி. குடியிருக்கவென்று அனுமதி வாங்கி, விடுதியாக நடத்திய கட்டடங்களுக்கு 2019இல் பூட்டுப் போட்டார்கள். பெரிய முதலாளி பூட்டைக் கண்டால் பெரிய வக்கீலை அமர்த்துவார். ஓய்வு பெற்ற நூற்பாலைத் தொழிலாளி யாரை அமர்த்துவார்? ஆகவே கேளுங்கள்: கட்டட அனுமதி எங்கே, அது குடியிருக்கவா, தங்கும் விடுதிக்கா? வில்லங்கச் சான்று எங்கே? "பிறகு வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் முன்பணம் ஒரு காசும் வேண்டாம்.

அந்த ஏரியே மனிதர் கை வைத்து உண்டாக்கியதுதான். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் கரை கட்டித் தேக்கியது. அதற்கு முன்பே, 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் சாலை வருமுன் துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் உட்கார வைத்து மலையேற்றியது கூலிகளின் தோள். கரை கட்டியவர்களும் தோள் கொடுத்தவர்களும் ஏரிக்கரையில் குடியிருந்தார்களா? இன்றும் விடுதியில் படுக்கை விரிப்பவரும் படகு தள்ளுபவரும் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள். சீசனுக்குத் திறந்து, மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற வீடு ஒவ்வொன்றும் அவர்கள் குடியிருந்திருக்கக்கூடிய வீடு.

சுவிட்சர்லாந்து பொதுவுடைமை நாடல்ல, பாங்கிக்காரர்களின் சொர்க்கம். ஏரியும் மலையும் நிறைந்த அந்த நாட்டிலேயே 2012 மார்ச் 11 அன்று மக்களிடம் வாக்குக் கேட்டு, எந்த ஊரிலும் இப்படிப்பட்ட இரண்டாம் வீடுகள் நூற்றுக்கு 20க்கு மேல் போகக் கூடாதென்று முடிவு செய்தார்கள். வென்றது மயிரிழையில்தான், ஆயினும் 2016 முதல் சட்டம் நடப்புக்கு வந்தது. அங்கே எண்ண முடிந்தது இங்கே ஏன் முடியாது? கொடைக்கானல் நகராட்சியில் ஆள் குடியிருக்கும் வீடு எத்தனை, பூட்டிய வீடு எத்தனை, விடுதியாக நடக்கும் வீடு எத்தனை என்று வார்டு வாரியாக எண்ணி வெளியிடட்டும். விடுதித் தொழிலாளருக்கு மலையிலேயே வாடகைக் குடியிருப்பு கட்டட்டும். திண்டுக்கல் மாவட்டக் கிளைகள் இந்த இரண்டையும் தீர்மானமாக்கி, அடுத்த சீசனுக்கு முன் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்க வேண்டும்.