ஆறு வண்டிகளுக்கு ஒரு கொட்டகை

உங்களிடம் ஒரு நல்ல கொட்டகையைக் கொடுத்து, “உலகில் இதுவரை செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் எவற்றை வேண்டுமானாலும் கொண்டுவந்து இதில் நிறுத்திக்கொள்ளுங்கள், விலையைப் பற்றிக் கவலை வேண்டாம்” என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். எவற்றைத் தேர்ந்தெடுப்பீர்கள்? விலை உயர்ந்தவற்றையா? வேகமானவற்றையா?

கொட்டகையில் ஆறு வண்டிகளுக்குத்தான் இடம் உண்டு. ஆகவே நாம் ஒரு விதி வகுத்துக்கொள்வோம். கொட்டகைக்குள் வரும் ஒவ்வொரு வண்டியும், அதற்கு முன் நிற்கும் வண்டி தீர்க்காமல் விட்ட ஒரு சிக்கலைத் தீர்த்ததாக இருக்கவேண்டும். இந்த விதிப்படி தேர்ந்தெடுத்தால், நம் கொட்டகையே எஞ்சினைப் பற்றிய ஒரு பாடநூல் ஆகிவிடும்.

நெருப்பின்மேல் ஒரு சவாரி

முதல் இடம், 1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் செய்த வண்டிக்கு. இதற்கு முன்பே நீராவியால் ஓடிய இருசக்கர வண்டிகள் உண்டு. ஆனால் கொதிகலனையும் கரியையும் சுமந்துகொண்டு எவ்வளவு தூரம் போகமுடியும்? எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே எரித்தால் கொதிகலன் தேவையில்லை. இதைத்தான் இவ்விருவரும் செய்து காட்டினார்கள்.

மரச்சட்டம், மரச்சக்கரங்கள், சாயாமல் தாங்குவதற்குப் பக்கத்துக்கு ஒரு சிறு சக்கரம். எஞ்சினின் கொள்ளளவு 264 கன செ.மீ.; திறன் அரைக் குதிரைத் திறன். நிமிடத்துக்கு 600 முறை சுழலும். வேகம் மணிக்குச் சுமார் 11 கி.மீ. எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி கிடையாது. சிலிண்டரோடு இணைந்த ஒரு குழாயை வெளியே எரியும் சுடரால் பழுக்கக் காய்ச்சுவார்கள். உள்ளே அழுத்தப்பட்ட வாயு அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். இந்தச் சுடர் எரிந்தது ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியில்! டைம்லரின் மகன் அதை ஓட்டிச் சென்றபோது இருக்கையே தீப்பற்றியதாகச் சொல்வார்கள்.

உண்மையான அந்த வண்டி 1903-இல் கான்ஸ்டாட் தொழிற்சாலையில் நேர்ந்த தீ விபத்தில் அழிந்துபோயிற்று. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை அதைப் பார்த்துச் செய்த மறுபடிகளே. நம் கொட்டகையிலும் மறுபடிதான் நிற்கும்.

பெரிய எஞ்சின், சிறிய திறன்

இரண்டாவது, மியூனிக் நகரில் 1894 முதல் செய்து விற்கப்பட்ட ஹில்டெபிராண்ட்-வுல்ஃப்முல்லர். பொதுமக்களுக்கு விற்பதற்கென்று தொடர்ச்சியாகச் செய்யப்பட்ட முதல் மோட்டார் சைக்கிள் இதுவே. எஞ்சினின் கொள்ளளவு 1489 கன செ.மீ. இக்காலச் சிறு கார் ஒன்றுக்குப் போதுமான அளவு! ஆனால் திறனோ இரண்டரைக் குதிரைத் திறன்தான். ஏன்?

நீராவி ரயில் எஞ்சினில் பிஸ்டனிலிருந்து வரும் தண்டு நேராகச் சக்கரத்தைச் சுழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வண்டியிலும் அப்படியே. பிஸ்டன் தண்டுகள் நேராகப் பின்சக்கரத்தைத் திருப்பின. ஆகவே சக்கரம் ஒருமுறை சுற்றினால்தான் எஞ்சினும் ஒருமுறை சுற்றமுடியும். நிமிடத்துக்குச் சுமார் 240 சுற்றுகளிலேயே அதன் முழுத் திறனும் முடிந்துவிட்டது.

எஞ்சினின் திறன் இரண்டைப் பொறுத்தது: ஒவ்வொரு வெடிப்பும் தரும் உந்து விசை ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை வெடிப்புகள் என்பது மற்றொன்று. மெதுவாகச் சுழலும் எஞ்சின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் திறன் குறைந்தே இருக்கும். எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுழலவைக்கப் பற்சக்கரங்கள் வேண்டும். கியர் ஏன் தேவை என்று கேட்கும் மாணவனுக்கு இந்த வண்டியைக் காட்டினால் போதும்.

அதிர்வை அதிர்வே அடக்கியது

சரி, வேகமாகச் சுழலவைத்தாயிற்று. இப்போது புதிய தொல்லை ஒன்று வருகிறது. பிஸ்டன் ஒரு நொடியில் பலமுறை மேலே பாய்ந்து, நின்று, கீழே பாய்கிறது. ஒவ்வொரு முறையும் அது வண்டியை எதிர்த்திசையில் உதைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை ஓட்டுபவரின் கைகளும் முதுகும் உணரும்.

விமான எஞ்சின்களை வடிவமைத்துவந்த மாக்ஸ் ஃபிரிட்ஸ் இதற்கு அழகான விடை கண்டார். 1923-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 32 என்னும் வண்டியில் இரண்டு சிலிண்டர்களை ஒன்றுக்கொன்று எதிராக, இடமும் வலமுமாகப் படுக்கவைத்தார். ஒரு பிஸ்டன் இடப்புறம் பாயும்போது மற்றொன்று வலப்புறம் பாய்கிறது. இரு உதைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இரண்டு பிஸ்டன்களும் ஒரே கோட்டில் இல்லாமல் சற்றே முன்பின்னாக இருப்பதால் சிறு ஆட்டம் மட்டும் எஞ்சுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. இத்தகைய எஞ்சினை முன்பெல்லாம் நீளவாட்டில் பொருத்தினார்கள். முன் சிலிண்டருக்குக் காற்று கிடைக்கும். பின் சிலிண்டர் கொதிக்கும். ஃபிரிட்ஸ் அதைக் குறுக்காகத் திருப்பிவைத்ததும் இரண்டும் சமமாகக் குளிர்ந்தன. 494 கன செ.மீ., எட்டரைக் குதிரைத் திறன். சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டே பின்சக்கரத்தை ஓட்டியது.

திருவொற்றியூரின் இதயத்துடிப்பு

நான்காவது வண்டியை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் கண்டுகொள்வீர்கள். இங்கிலாந்தில் பிறந்து, 1955-இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வழியாகச் சென்னையை அடுத்த திருவொற்றியூருக்குக் குடிவந்த புல்லட்.

இதன் பழைய எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 7 செ.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 9 செ.மீ. உருளையின் கன அளவைக் காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியுமல்லவா? ஆரம் 3.5, அதன் வர்க்கம் 12.25, அதை 22/7-ஆல் பெருக்கினால் 38.5, மீண்டும் 9-ஆல் பெருக்கினால் 346.5 கன செ.மீ. நாம் “350 சி.சி.” என்று சொல்வது இதைத்தான்.

இரண்டு சிலிண்டர்களின் செலவும் சிக்கலும் இல்லாமல், ஒரே சிலிண்டரைக் கொண்டு எப்படிச் சீராக இழுப்பது? இதுவே புல்லட் விடைகூறிய கேள்வி. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்புதான். மீதி நேரமெல்லாம் எஞ்சினைச் சுழற்றுவது யார்? ஃப்ளைவீல் எனப்படும் கனத்த சக்கரம். வெடிப்பு தந்த ஆற்றலை அது சேமித்துவைத்து, அடுத்த வெடிப்பு வரும்வரை செலவிடுகிறது. நின்ற நிலையில் புல்லட் எழுப்பும் “டப்... டப்... டப்...” என்ற ஒலியில் நாம் கேட்கும் இடைவெளிகள், ஃப்ளைவீல் தனியாக உழைக்கும் கணங்களே.

ஒலியைக் கொண்டு அடைத்த கதவு

346 கன செ.மீ. புல்லட்டின் திறன் ஏறத்தாழ 18 குதிரைத் திறன். 1985-இல் இந்தியாவில் வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-இன் கொள்ளளவு 98 கன செ.மீ.; திறன் 11 குதிரைத் திறன்! மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த எஞ்சின் பாதிக்கு மேற்பட்ட திறனைத் தருகிறது. நம் ஐந்தாம் வண்டி இதுவே.

இது இரண்டு வீச்சு எஞ்சின். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஆனால் இவ்வகையில் ஒரு குறை உண்டு. புகை வெளியேறும்போதே புதுக் கலவையும் உள்ளே வருவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே தப்பி ஓடிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பணியாற்றிய வால்ட்டர் காடென் என்ற பொறியியலாளர் இதற்கு ஒலியலையைக் காவல் வைத்தார். புகைக்குழாயை நடுவில் பருத்து முனையில் குறுகும்படி அமைத்தார். வெடிப்பின் அழுத்த அலை குறுகிய முனையில் மோதி எதிரொலித்துத் திரும்புகிறது; தப்பி ஓடும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இதற்குள் புகைவழி மூடிக்கொள்கிறது. 1961-இல் அவருடைய 125 கன செ.மீ. பந்தய எஞ்சின் 25 குதிரைத் திறன் தந்தது.

அதே ஆண்டில் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டுத் தப்பி ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். இரகசியமும் அவரோடு சென்றது. ஆயினும், எவ்வளவு செய்தும் இவ்வகை எஞ்சின்கள் எண்ணெய்ப் புகையையும் எரியாத பெட்ரோலையும் கக்குவது ஓயவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் அவை சாலையிலிருந்து விடைபெற்றன.

எல்லாருக்கும் ஒரு வண்டி

கடைசி இடத்தில் பந்தய வண்டி எதையோ எதிர்பார்ப்பீர்கள். 45 பாகையில் விரிந்த ஹார்லி-டேவிட்சன் எஞ்சினையும், 1969-இல் நான்கு சிலிண்டர்களோடு வந்த ஹோண்டா சி.பி. 750-ஐயும் விட்டுவிடலாமா என்றும் கேட்பீர்கள். விடத்தான் வேண்டும். ஏனென்றால் ஒரு கேள்வி இன்னும் மீதியிருக்கிறது. எஞ்சினைப் பற்றி ஒன்றுமே அறியாதவரும் ஓட்டக்கூடிய வண்டி எது?

1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திச் செல்லும் கடைப் பையனும் மறு கையால் ஓட்டவேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் நோக்கம். ஆகவே இடக்கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது மையவிலக்கு விளைவால் எடைகள் வெளியே விலகித் தாமாகவே சக்கரத்தோடு தொடர்பு ஏற்படுத்தும். வேகம் குறைந்தால் தாமே விடுவிக்கும். காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமரலாம். மலேசியத் தமிழர்கள் இதன் வகை வண்டியைக் “கப்சாய்” என்கிறார்கள்.

இதன் எஞ்சின் 49 கன செ.மீ. மட்டுமே. ஆனால் நிமிடத்துக்கு 9500 சுற்றுகள் சுழன்று நாலரைக் குதிரைத் திறன் தந்தது. இப்போது இரண்டாம் வண்டியைத் திரும்பிப் பாருங்கள். அதைவிடக் கொள்ளளவு 30 மடங்கு சிறிது. சுழற்சி வேகம் 40 மடங்கு. திறனோ ஏறத்தாழ இரு மடங்கு! அறுபத்து நான்கு ஆண்டுகளில் மனிதன் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிட்டது. 2017-க்குள் சூப்பர் கப் வண்டிகள் பத்துக் கோடிக்கு மேல் செய்யப்பட்டன.

நிறுத்திவைத்தால் நிலைக்குமா?

கொட்டகை நிறைந்தது. இனிப் பூட்டிவிட்டுப் போகலாமா? கூடாது. நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடு கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். சக்கரம் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது இன்னும் கேடு. எரிதலில் உண்டாகும் நீராவி புகைக்குழாயிலேயே குளிர்ந்து நீராகித் துருவை வளர்க்கும். நன்றாகச் சூடேறும்வரை சாலையில் ஓட்டவேண்டும்.

ஆறில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்? நமது விடை சூப்பர் கப். மற்ற ஐந்தும் கற்றுத்தந்ததில் பெரும்பகுதி அந்தச் சிறு வண்டிக்குள் இருக்கிறது. அதோடு, காலையில் சந்தைக்குப் போய்வரவும் அதுதான் ஏற்றது. உங்கள் விடை வேறாக இருக்கலாம். ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடையளித்த வண்டி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.