“உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்டி”

நாள் தள்ளிப்போன சேதி பல நேரம் அம்மாவுக்கோ கணவருக்கோ தெரிவதற்கு முன்னால் ஒரு தோழிக்குத்தான் தெரிகிறது. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் “ஏதும் விசேஷமா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவளும் அழுவதற்கு அவளிடம்தான் வருகிறாள். தோழியால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகலாம், பணம் புரட்டலாம், பேச்சுத் துணையாக இருக்கலாம். ஆனால் பாசத்தின் வேகத்தில் அவள் துணிந்து இறங்கும் சில காரியங்கள் இரண்டு பேரையுமே ஆபத்தில் தள்ளிவிடும். அவளுக்குச் சட்டம் எங்கே இடம் கொடுக்கிறது, எங்கே தடுக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

வேண்டாத கர்ப்பம் என்றதும் பலர் முதலில் ஓடுவது மெடிக்கல் ஷாப்புக்கு. தோழியே போய் மாத்திரை வாங்கி வருவதும் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரைகள் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. ஒன்பது வாரம் வரைதான், அதுவும் மருத்துவர் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். கரு கருப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதை ஸ்கேன்தான் காட்டும். ஏற்கனவே மாத்திரை போட்டாகிவிட்டது என்றால் கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை: ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைவது, காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம். இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டும். மாத்திரை போட்டதை மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது.

கருக்கலைப்பு குற்றம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். 1971ஆம் ஆண்டின் மருத்துவ ரீதியான கருக்கலைப்புச் சட்டம், 2021இல் திருத்தப்பட்ட வடிவில், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கலைக்க அனுமதிக்கிறது. 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு இது பொருந்தும். கல்யாணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29ஆம் தேதி தீர்ப்பளித்தது.

கூடப் போகிறவர் மனதில் இருத்திக்கொள்ள வேண்டியது, பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய கையெழுத்து மட்டுமே போதும் என்பது. “வீட்டுக்காரர் வந்திருக்காரா? அவர் கையெழுத்துப் போட்டாதான் பண்ணுவோம்” என்று கவுன்டரில் சொன்னால், சட்டம் அப்படிக் கேட்கவில்லை என்று பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவளுக்கு வாய் எழும்பாது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் எழும்ப வேண்டும். அவளுடைய பெயர் விவரத்தை மருத்துவர் வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பதினெட்டுக்குக் கீழே என்றால் காப்பாளர் சம்மதம் வேண்டும். போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தகவலும் போகும். ஆனால் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரை மருத்துவர் குறிப்பிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அதே 2022 தீர்ப்பு சொல்கிறது.

இனி, பிள்ளைக்காக ஏங்குகிறவளின் பக்கம். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் தங்கவில்லை என்றால் பரிசோதனைக்குப் போகலாம். முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். குறை ஆணிடமும் இருக்கலாம் என்று தெரிந்தும், கணவரின் விந்துப் பரிசோதனை என்ற எளிய சோதனையைச் செய்யாமலே அவளுக்கு மட்டும் ஊசி மேல் ஊசி போடும் குடும்பங்கள் உண்டு. மாமியார் முன்னால் அவளால் கேட்க முடியாத கேள்வியைத் தோழி கேட்கலாம். வளைகாப்பில் அவளை மட்டும் வளையல் அடுக்கக் கூப்பிடாமல் ஒதுக்கும்போது, கர்ப்பமாக இருக்கும் தோழியே கையை நீட்டி, “நீ போட்டுவிடு” என்று சொல்லலாம். இதற்குச் சட்டம் தேவையில்லை, மனசு போதும்.

“என் கருமுட்டையை எடுத்துக்கோ” என்று சொல்லும் தோழிகளும் இருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, தானம் பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் நடக்க வேண்டும். 23 முதல் 35 வயதுக்குள் இருப்பவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. தானம் செய்பவருக்கு 12 மாதக் காப்பீட்டைத் தம்பதியர் எடுத்துத் தர வேண்டும். நாள் தவறாமல் ஹார்மோன் ஊசி, மயக்க மருந்து, பிறகு சிலருக்கு வயிறு உப்பி மூச்சு முட்டும் அளவுக்குப் பக்கவிளைவு. இத்தனையும் உண்டு என்று தெரிந்து சம்மதிக்க வேண்டும். 2022இல் ஈரோட்டில் ஒரு சிறுமியின் கருமுட்டைகளைப் பலமுறை விற்ற வழக்கு வெளியே வந்தபோது, போலி ஆதாரைக் காட்டி வயதைக் கூட்டியது தெரிந்தது. ஆவணத்தில் ஒரு பொய் நுழைந்துவிட்டால் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும்.

“நானே சுமந்து பெத்துத் தர்றேன்” என்பவர் வாடகைத் தாய்ச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்யாணமாகி, சொந்தப் பிள்ளை பெற்று, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் சுமக்கலாம், அவருடைய சொந்த முட்டையைப் பயன்படுத்தக் கூடாது. மருத்துவச் செலவு, காப்பீடு போன்றவை தவிர வேறு பணம் வாங்கக் கூடாது. 36 மாதக் காப்பீடு கட்டாயம். தம்பதியர் மாவட்ட மருத்துவக் குழுவின் சான்றும் மாஜிஸ்திரேட் உத்தரவும் பெற்றாக வேண்டும். கரு கருப்பையில் வைக்கப்படும் வரை அவர் மனசு மாறி விலகலாம். அப்படி விலகினால் அது துரோகம் ஆகாது. இதை இரண்டு பேரும் முன்கூட்டியே வாய்விட்டுப் பேசிக்கொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் கடினமானது, ஒருத்தி கலைக்க நினைக்கும்போதே இன்னொருத்தி ஏங்கிக்கொண்டிருப்பது. “கலைக்காதே, பெத்து எனக்குக் குடுத்துடு” என்ற வார்த்தை அழுகையோடு வரும். கேட்பவளின் வலி உண்மையானது. ஆனாலும் அந்த உடம்பு மற்றவளுடையது. வேண்டாம் என்றால் அதோடு பேச்சை நிறுத்திவிட வேண்டும். அவளே பெற்றுக்கொடுக்க முன்வந்தாலும், ஏங்குகிறவள் பெயரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அந்தப் பெயரிலேயே பிறப்புச் சான்று வாங்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. அது குற்றம். உயிருக்கும் ஆபத்து. ரத்த வகை நெகட்டிவ் உள்ள தாய்க்குப் பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால், 72 மணி நேரத்துக்குள் ஆன்ட்டி-டி ஊசி போட வேண்டும். கோப்பில் இருப்பது வேறொருத்தியின் ரத்த வகை என்றால் அந்த ஊசி தவறிப்போகும், ரத்தம் ஏற்றுவதிலும் குழப்பம் வரும். 2019இல் ராசிபுரத்தில் வெளிச்சத்துக்கு வந்த குழந்தை விற்பனையும் இப்படிப்பட்ட பொய்ப் பிறப்புச் சான்றுகளை நம்பித்தான் நடந்தது.

வளர்க்க முடியாத தாய் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனசு மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. தத்தெடுக்க விரும்புவோர் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிய வேண்டும். அங்கே ‘இந்தக் குழந்தைதான் வேண்டும்’ என்று தோழியின் பிள்ளையைக் கேட்டு வாங்க முடியாது. இந்துக்கள் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி நேரடியாகத் தத்துக் கொடுக்கவும் வழி உண்டு. அதற்குத் தனி நிபந்தனைகள் இருப்பதால் வக்கீலைப் பார்க்காமல் இறங்காதீர்கள். எந்த வழியிலும் பணம் கைமாறக் கூடாது.

வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம், எண் 15100. அவசர உதவிக்கு 181, குழந்தை தொடர்பாக 1098. தனியார் ஆஸ்பத்திரி மேல் புகார் என்றால் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். புகாருக்குக் காகிதம் வேண்டும். கையெழுத்துப் போட்ட படிவம், ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, பணம் கட்டிய ரசீது என ஒவ்வொன்றையும் அன்றைக்கே போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளும் வேலையைக் கூடப் போன தோழி எடுத்துக்கொள்ளட்டும்.