போலிக் கொட்டை எழுத்து

'மணம்' என்று தட்டச்சு செய்து போல்டு பொத்தானை அழுத்துகிறீர்கள். எழுத்து தடிக்கிறது. ஆனால் சில ஃபான்ட்களில், எழுத்து சிறிதாக இருந்தால், அது மணமா மனமா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முறைப்படி சாதாரண எழுத்துக்கு ஒரு வடிவம், போல்டுக்குத் தனியாக வரைந்த இன்னொரு வடிவம் இருக்க வேண்டும். இணையப் பக்கங்களின் கணக்கில் முன்னதன் எடை 400, பின்னதன் எடை 700. போல்டு வடிவம் கிடைக்காதபோது, இருப்பதையே மென்பொருள் ஊதிப் பெருக்கிக் காட்டிவிடுகிறது. தட்டச்சுப் பொறியில் அடித்த எழுத்தின் மேலேயே இன்னொரு முறை அடிப்போமே, அதன் கணினி வாரிசு இது.

எழுத்து புள்ளிப் படமாக இருந்தால் வேலை சுலபம்: ஒரு பிக்சல் வலப்பக்கம் தள்ளி மறுபடியும் பதித்தால் போதும். இன்றைய ஃபான்ட்களிலோ எழுத்து என்பது வளைகோடுகளால் ஆன வரப்பு. அந்த வரப்பைச் சுற்றிலும் சற்றே அகட்ட வேண்டும். லினக்ஸ் கணினிகளில் எழுத்து வரையும் ஃப்ரீடைப் மென்பொருள் இதற்கு வைத்திருக்கும் வழக்கமான அளவு, எழுத்தளவில் 24இல் ஒரு பங்கு. 24 பிக்சல் எழுத்தில் ஒவ்வொரு கோடும் ஒரு பிக்சல் பருக்கும்.

சிக்கல் சுழியில்தான். கோடு வெளிப்பக்கம் பருப்பதுபோலவே உள்பக்கமும் பருக்கும். 2 பிக்சல் அகலமுள்ள சுழியின் வெற்றிடம் ஒரு பிக்சலாகச் சுருங்கும். மூன்று சுழி 'ண'வில் இடம் ஏற்கெனவே நெருக்கடி. சுழிகள் அடைபட்டால் அதையும் இரண்டு சுழி 'ன'வையும் பிரித்தறிவது கடினம்.

போல்டு வரையும் கலைஞர் இப்படிச் செய்வதில்லை. எழுத்தை அகலமாக்குவார், நெரிசலான இடத்தில் கோட்டை மெலியவிட்டு, சுழிக்கு மூச்சுவிட இடம் தருவார். மையைக் கூட்டுவதைவிட வெள்ளையைக் காப்பதே அவருக்குப் பெரிய வேலை. 2016இல் வந்த மாறும் எழுத்துருக்களிலும் மெலிந்தது, தடித்தது என இரு எல்லைகளையும் அவரே வரைகிறார். இடைப்பட்ட எடைகளை மட்டுமே மென்பொருள் கணக்கிடுகிறது.

இணையப் பக்கம் அமைப்பவர்கள் சிஎஸ்எஸ்ஸில் உள்ள 'ஃபான்ட்-சிந்தசிஸ்' பண்பைக் கொண்டு இந்தப் போலித் தடிப்பை நிறுத்திவிடலாம். மற்றவர்கள் புதிய ஃபான்ட் ஒன்றை எடுத்தால், 'கண்ணன்' என்று சிறிய எழுத்தில் தட்டி, போல்டாக்கிச் சுழிகளை எண்ணிப் பாருங்கள்.