எழுதும்போதுதான் பிறக்கும் வட்டு

புதுச்சேரியின் நோணாங்குப்பத்தில் கணினியியல் படிக்கும் ஒரு மாணவியின் மடிக்கணினியில் 40 ஜிபி இடம்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸில் ஒரே கட்டளையில் ஒரு மெய்நிகர் கணினிக்கான 100 ஜிபி வட்டை அவர் உருவாக்கிவிடலாம். அந்தக் கணினிக்குள் ஓடும் இயங்குதளம் தனக்கு 100 ஜிபி இருப்பதாகவே நம்பும். வெளியிலோ அந்த வட்டு வெறும் ஒரு கோப்பு. பிறந்த நிமிடத்தில் அதன் அளவு ஏறக்குறைய 200 கேபி!

இந்த வித்தையை நடத்துவது, மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர். 1967இலேயே ஐபிஎம்மின் சிபி-67 ஒரு வட்டைப் பல மினிடிஸ்க்குகளாகப் பங்கிட்டுத் தந்தது. ஆனால் பிரித்த இடம் பிரித்ததுதான். பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிவைத்த கியூஇஎம்யூவின் கியூகவ்2 கோப்பு அப்படியல்ல. எழுதும்போதுதான் இடம் ஒதுக்கும்.

கோப்பு 64 கேபி துண்டுகளால் ஆனது. அதற்குள் இரண்டடுக்கு அட்டவணை. இரண்டாம் அடுக்கின் அட்டவணை ஒவ்வொன்றிலும் 8,192 வரிகள்; ஒரு வரி ஒரு துண்டின் முகவரி. ஆக, ஓர் அட்டவணை 512 எம்பிக்குப் பொறுப்பு. 100 ஜிபிக்கு 200 அட்டவணை போதும். உள்ளே இருக்கும் கணினி எழுபதாவது ஜிபியைப் படிக்கக் கேட்கிறது, அங்கே இன்னும் எதுவும் எழுதப்படவில்லை என்றால், அந்த வரி காலி. ஹைப்பர்வைசர் பூஜ்யங்களைக் கொடுத்துவிடும். எழுதக் கேட்டால் புதிதாக ஒரு துண்டை ஒதுக்கி, அதன் முகவரியை வரியில் குறித்துக்கொள்ளும்.

வட்டின் ஒரு கணத்து நிலையை அப்படியே காத்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டும் இந்த அட்டவணையின் கொடைதான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பழைய துண்டுகளைத் தொடுவதில்லை. மாற்றங்கள் வேறு இடத்துக்குப் போகின்றன. தரவுத் துண்டுகளை நகலெடுக்காததால் பெரிய வட்டானாலும் சட்டென்று முடிந்துவிடுகிறது.

கையில் இல்லாத இடத்தையும் இருப்பதாகக் காட்டுவதில் ஆபத்தும் உண்டு. வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்டால் வங்கி என்ன ஆகும்? உள்ளே கோப்புகளை அழித்தாலும், காலியான இடத்தை வெளியே தெரிவிக்கும் டிஸ்கார்டு வசதியை இயக்காவிட்டால் வெளியே கோப்பு சுருங்காது. உண்மை வட்டு நிரம்பினால், எழுத இடமில்லாமல் மெய்நிகர் கணினி அப்படியே நின்றுவிடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரி வெள்ளக்காடானது. அப்படியொரு வெள்ளம் வந்தாலும் ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அது மூல வட்டையே நம்பியிருக்கிறது. மடிக்கணினி நனைந்தால் இரண்டும் போகும். முழு நகல் ஒன்றை வேறு வட்டில், முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள்.