கென்னகாட்: பனியாற்றோரச் செப்புச் சுரங்கம்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ரேங்கல் மலைத்தொடரின் சரிவில் பனியாறு ஒன்றின் ஓரமாக நிற்கும் 14 அடுக்குச் செந்நிற மர ஆலை, 1938இல் கைவிடப்பட்ட கென்னகாட் செப்புச் சுரங்கத்தின் எச்சமாகும். இதன் வரலாற்றை, 1900இல் ஜாக் ஸ்மித், கிளாரன்ஸ் வார்னர் என்ற இருவர் மலைமுகட்டில் பச்சை நிறத் திட்டு ஒன்றைக் கண்டதிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால், அப்பகுதியின் பூர்வகுடிகளான அட்னா மக்கள், பாறையிலிருந்து உருக்கிப் பிரிக்கத் தேவையின்றித் தனி உலோகமாகவே கிடைத்த செம்பை அடித்துக் கருவிகள் செய்து, பிற குழுவினருடன் வணிகமும் நடத்திவந்தனர் என்பதால், அவர்களை முன்னிறுத்துவதே நியாயம்.

இங்கு எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பாறையின்மேல் சுண்ணாம்புப் பாறை அமைந்திருக்கிறது. கீழ்ப்பாறையின் செம்பைக் கரைத்துக்கொண்டு மேலேறிய நீர், சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில் அதைக் கால்கோசைட் என்னும் கந்தகச் சேர்மமாகப் படியவிட்டது. தொடக்கத்தில் எடுத்த மாதிரிகள் சிலவற்றில் செம்பின் அளவு 70 விழுக்காட்டை எட்டியது. இந்த அரிய செறிவே, பொறியாளர் ஸ்டீபன் பர்ச்சின் முயற்சிக்கு மார்கன், குக்கன்ஹைம் ஆகிய பெருநிதியாளர்களின் முதலீட்டைப் பெற்றுத்தந்தது. கார்டோவா துறைமுகத்திலிருந்து பனியாறுகளுக்கிடையே சுமார் 315 கிலோமீட்டர் நீண்ட இரயில் பாதை, 2 கோடி டாலருக்கும் அதிகமான செலவில் 1911இல் நிறைவுற்றது.

ஆலையின் தொழில்நுட்பமும் கவனத்திற்குரியது. கனமான கால்கோசைட்டை நீரோட்டத்தில் எடை வேறுபாட்டால் பிரிக்க முடிந்தாலும், மாலகைட் போன்ற கார்பனேட் கனிமங்கள் கழிவோடு போயின. கந்தக அமிலத்தால் அவற்றைக் கரைக்கலாம் என்றால், உடனிருந்த சுண்ணாம்பே அமிலத்தைத் தின்றுவிடும். எனவே, சுண்ணாம்பைத் தொடாமல் செம்பை மட்டும் கரைக்கும் அம்மோனியாக் கரைசலை 1916 வாக்கில் தொழில் அளவில் பயன்படுத்தத் தொடங்கியது, அக்காலத்தின் துணிச்சலான முன்னோடி முயற்சியாகும்.

ஆயினும் செறிவான தாது சிறு பரப்பிலேயே குவிந்திருந்ததால் விரைவில் தீர்ந்தது. பெருமந்தக் காலத்தின் விலைவீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, 1938 நவம்பரில் கடைசி இரயில் புறப்பட்டபின் நிறுவன ஊர் காலியானது. அதுவரை சுமார் 5.4 லட்சம் டன் செம்பு கிடைத்திருந்தது. லாபம் ஏறத்தாழ 10 கோடி டாலர். இங்கு ஈட்டிய செல்வத்தின் துணையோடு வளர்ந்த கென்னகாட் நிறுவனம், யூட்டாவிலும் சிலியிலும் பெருஞ்சுரங்கங்களை நடத்தியது. 1986இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்த ஊரின் பெரும்பகுதியை 1998இல் வாங்கிய அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை, கட்டடங்கள் மேலும் சிதையாதவாறு பராமரித்து வருகிறது.