கொக்கி மாட்டிய சுவர்

சென்ற வாரம் நெட்ஸ்கேப் உலாவியை முதலிலிருந்து திருப்பி எழுதிய கதையை முடித்தபோது ஒரு கேள்வி பாக்கி இருந்தது. போட்டிக்காரன் துரத்திக்கொண்டு வரும்போது வீட்டை இடித்துக் கட்டினால் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஆனால் லாப நஷ்டம் பார்க்காத கட்டற்ற மென்பொருளுக்கு என்ன அவசரம்? ஊர் கூடி நிதானமாக இடித்து, நிதானமாகக் கட்டலாமே?

கட்டிப் பார்த்தார்கள். இணையதளங்கள் கட்ட உதவும் ட்ருபல் மென்பொருளின் எட்டாம் பதிப்பு அந்தக் கதைதான்.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் 2000-ல் படித்துக்கொண்டிருந்த ட்ரீஸ் பைடார்ட், ஒரே இணைய இணைப்பை விடுதி மாணவர்கள் எட்டுப் பேர் பகிர்ந்துகொள்ள வழி செய்தார். லைன் இருக்கிறதா, இன்றைக்கு எங்கே சாப்பாடு என்பதையெல்லாம் சொல்லிக்கொள்ள ஒரு சின்னத் தளமும் உருவானது. படிப்பு முடிந்ததும் அதைப் பொதுவில் வைக்க நினைத்தார். சிற்றூருக்கான டச்சுச் சொல் 'டார்ப்'. அந்தப் பெயரில் முகவரி தேடியவர் எழுத்தை இடம் மாற்றித் தட்டியதில் 'ட்ராப்' வந்து விழுந்தது. துளி. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டார். 2001 ஜனவரியில் மென்பொருளை வெளியிட்டபோது, துளிக்கான டச்சுச் சொல் 'ட்ருப்பல்' கொஞ்சம் உருமாறி ட்ருபல் ஆயிற்று.

இது பரவியதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், முறையாகப் படிக்காதவனும் அதில் கை வைக்க முடிந்தது. ட்ருபலோடு நீங்கள் சேர்க்கும் மாட்யூலின் பெயர் 'நூலகம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நூலகம்', ஓர் அடிக்கோடு, 'மெனு' என்று பெயரிட்டு ஒரு ஃபங்ஷன் எழுதினால் போதும். அந்தப் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று ட்ருபலே தேடிப் பார்த்துக் கூப்பிடும். இதற்குத்தான் ஹூக் என்று பெயர், அதாவது கொக்கி. சுவரில் கொக்கி அடித்து வைத்திருக்கிறது, உங்கள் சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு சிறுநகர நூலகத்துக்கு ஏழாம் பதிப்பில் தளம் கட்டிக்கொடுத்தேன். அப்போது எனக்கு, ட்ருபல் எழுதப்பட்ட பிஎச்பி மொழி அரைகுறைதான். நூலகருக்கு அதுவும் தெரியாது. ஒருநாள் தளத்தில் நான் எழுதாத பக்கம் ஒன்று இருந்தது: 'சிறுவர் நூல்கள்'. போன் போட்டுக் கேட்டேன். "மேல இருந்ததை காப்பி பண்ணிக் கீழ போட்டு, பேரை மட்டும் மாத்தினேன் தம்பி. வந்துருச்சு" என்றார். ட்ருபல் வளர்ந்த விதமே அதுதான்.

கொக்கிகள் பெருகியதில்தான் சிக்கலும் வந்தது. 2011 ஜனவரி 5 அன்று ஏழாம் பதிப்பு வெளியானபோது, ஒரு பக்கம் என்பது அரேக்குள் அரே, அதற்குள் இன்னோர் அரே என்று வெங்காயம் மாதிரி இருந்தது. யார் மாட்டிய சட்டை எதை மறைக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பகல் போய்விடும். இன்னொரு பக்கம், கைபேசிச் செயலிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு முழுப் பக்கம் வேண்டாம், தரவு மட்டும் போதும். ட்ருபலோ யார் எதைக் கேட்டாலும் தலைப்பு, ஓரப்பட்டை சகிதம் முழு இலை போட்டே பழகியது. இதைச் சரிசெய்ய லாரி கார்ஃபீல்ட் தலைமையில் ஒரு குழு கிளம்பியது. நீளமான அதன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'விஸ்கி' என்றே உச்சரித்தார்கள். நிதானமான வேலைக்குப் பொருத்தமான பெயர்தான்!

எல்லாவற்றையும் நாமே எழுதுவானேன் என்று அவர்கள் கேட்டது நியாயம். பிரான்சில் ஃபாபியன் பொட்டான்சியே உருவாக்கிய சிம்ஃபனி என்ற ஃபிரேம்வொர்க் கையருகே இருந்தது. கோரிக்கையை வாங்கிப் பதில் அனுப்பும் பகுதியில் தொடங்கினார்கள். அப்புறம் வழித்தடம், நிகழ்வு, சர்வீஸ்களை இணைக்கும் கன்டெய்னர் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. டெம்ப்ளேட்டுக்கு ட்விக். வெளியிலிருந்து வரும் எழுத்தை ட்விக் தானாகவே வடிகட்டித்தான் அச்சிடும் என்பதால், டெம்ப்ளேட் எழுதுபவரின் கவனக்குறைவால் திறந்துகொண்ட பாதுகாப்பு ஓட்டைகள் பல அடைபட்டன. இந்த ஒன்றுக்காகவே கும்பிடலாம்.

இப்போது அதே நூலகப் பக்கத்தை எட்டில் எழுதிப் பார்ப்போம். மாட்யூலின் விவரம் ஒரு யாமல் ஃபைலில். எந்த முகவரி எங்கே போக வேண்டும் என்பது இன்னொரு யாமல் ஃபைலில். பக்கத்தை உருவாக்குவது, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கி, நேம்ஸ்பேஸ் போட்டு எழுதிய ஒரு கிளாஸில். வெளியூர் சிம்ஃபனிக்காரர் வந்தால் எது எங்கே என்று சட்டென்று பிடித்துவிடுவார். உள்ளூர்க்காரருக்குத்தான் சொந்த வீட்டில் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை. முதல்முறை நான் ஒரு மாலைப்பொழுதையே தொலைத்தேன். காரணம், யாமல் ஃபைலில் வரியை உள்தள்ள ஸ்பேஸ் தட்டாமல் டேப் தட்டியிருந்தேன். யாமலுக்கு டேப் ஆகாது. கண்ணுக்கோ இரண்டும் ஒரே வெற்றிடம்.

ட்ருபல் அதற்கு முன்பும் ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் பழைய நிரலை உடைத்துத்தான் வந்தது. தரவைக் காப்போம், நிரலுக்குப் பொறுப்பில்லை என்பதுதான் அவர்களின் வெளிப்படையான கொள்கை. ஆனால் முன்பெல்லாம் சாவி மட்டும் மாறும், இம்முறை கதவு இருந்த திசையே மாறியது. 2013-ல் நேட் ஹாகும் ஜென் லாம்டனும் பழைய வீட்டின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். அவர்கள் பிரித்தெடுத்த மென்பொருளான பேக்ட்ராப் 2015 ஜனவரியில் வெளியானபோது ட்ருபல் எட்டுக்கு இன்னும் சாரமே பிரிக்கவில்லை. அது வந்தது 2015 நவம்பர் 19 அன்று. மூவாயிரம் பேருக்கு மேல் கை கொடுத்தும், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்தாண்டு ஓடிவிட்டது.

வந்த பிறகும் குடிபோவது லேசாக இல்லை. பழைய தளத்தை இருந்த இடத்திலேயே உயர்த்த முடியாது. பக்கத்தில் புதுத் தளம் கட்டி, சாமான்களை அதற்குள் ஏற்ற வேண்டும். பல ஆண்டுகள் கழித்தும் ஏழில் ஓடிய தளங்களே அதிகம்.

பட்டபின் திருந்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எட்டிலிருந்து ஆறு மாதத்துக்கொரு சிறு பதிப்பு என்று ஆக்கினார்கள். 2020 ஜூனில் வந்த ஒன்பது, 8.9-லிருந்து காலாவதியானவற்றைக் கழித்து, சார்ந்திருந்த நிரல்களைப் புதுப்பித்த பதிப்புதான். இனி இடிப்பு இல்லை, ஓடு மாற்றுவது மட்டுமே. ஆனால் ஓடு மாற்றும் நாளை இப்போது அவர்கள் மட்டும் குறிக்க முடியாது. சிம்ஃபனி மூன்றாம் பதிப்பின் ஆயுள் 2021 நவம்பரில் முடிந்ததால், அதன் மேல் நின்ற ட்ருபல் எட்டும் அதே மாதம் கண்ணை மூடியது. அடுத்தவன் தூணில் உத்தரம் வைத்தால் அவன் பஞ்சாங்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

இதில் வேடிக்கை, எட்டுக்கு இடம் விட வேண்டிய ஏழு, எட்டைப் புதைத்துவிட்டும் வாழ்ந்தது. 2021 நவம்பர் என்று குறித்த கெடு, பெருந்தொற்று வந்ததில் ஓராண்டு தள்ளியது. பிறகு இன்னும் இரண்டு முறை தள்ளியது. கடைசியில் 2025 ஜனவரி 5 அன்று, பிறந்த தேதியிலேயே, பதினான்கு வயது நிறைந்து விடைபெற்றது.

அதற்குச் சில வாரம் முன்பு நூலகத் தளத்தை பேக்ட்ராப்புக்கு மாற்ற உட்கார்ந்தேன். மாட்யூலின் விவர ஃபைலில் ட்ருபல் ஏழு என்றிருந்த வரியை பேக்ட்ராப் ஒன்று என்று திருத்தினேன். மெனு கொக்கி அங்கேயும் அதே சுவரில் இருந்தது. கீழே நூலகர் காப்பி பண்ணிப் போட்ட 'சிறுவர் நூல்கள்'. அவர் விட்டிருந்த ஒரு கூடுதல் காற்புள்ளியும் அப்படியே இருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

(தொடரும்)